பலகையில் நிற்க வேண்டிய பஸ், ரயில், லயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன் பக்கத்தில் இருந்துகொண்டு பல வருஷமாகச் சின்ன அளவு மாதிரிகள் செய்து வருகிறேன். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகள், ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலை, சிவப்பு பஸ், ரயில், தேயிலைக் கொழுந்து மலை என்று நம் ஊரில் கண்ணில் படுகிறவைதான். வீட்டுக்கு வருகிறவர்களும் பாடசாலைக் கண்காட்சிகளில் சந்திக்கிறவர்களும் பெயின்டைப் பற்றிக் கேட்பதைவிட, "இதெல்லாம் எப்படி விழாமல் நிற்கிறது?" என்றுதான் அதிகம் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

நிஜ பஸ் ரோட்டில் சும்மாதானே நிற்கிறது? மாதிரியை மட்டும் ஏன் பூட்ட வேண்டும்?

நிஜ பஸ்சை நிறுத்தி வைப்பது அதன் எடை. மாதிரியில் அந்த எடை காணாமல் போய்விடுகிறது. 1:76 அளவில் செய்தால் நீளம், அகலம், உயரம் மூன்றும் 76இல் ஒரு பங்காகும். ஆனால் கனவளவு 76 × 76 × 76, அதாவது நாலு லட்சத்துக்கும் மேல் மடங்கு குறையும். 10 தொன் பஸ் அதே கணக்கில் சுருங்கினால் சுமார் 23 கிராம்தான் வரும். ஒரு மேசைக்கரண்டித் தண்ணீரைவிடக் கொஞ்சம் கூட. மேசையில் யாராவது முழங்கையை ஊன்றினாலே ஆடிவிடும்.

எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில் உள்ள ஒன்பது வளைவுப் பாலத்தைப் பாருங்கள். கல், செங்கல், சிமெந்து மட்டும் வைத்துக் கட்டினார்கள், இரும்பு வைக்கவில்லை. தன் பாரத்திலேயே நிற்கிறது. அதையே 1:76இல் செய்தால் ஒன்றேகால் மீட்டருக்குக் கிட்ட நீளமும் 30 சென்ரிமீட்டருக்குக் கொஞ்சம் கூடிய உயரமும் வரும். அட்டையில் செய்த அந்தப் பாலம் ஜன்னல் காற்றுக்கே நகரும். நிஜத்துக்குத் தேவைப்படாத இரும்பு மாதிரிக்குத் தேவைப்படுகிறது. எனக்கு இது இன்னமும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

எந்தப் பசை நல்லது?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் திருப்பி இரண்டு கேள்வி கேட்பேன். எதை எதோடு ஒட்டப் போகிறீர்கள்? பிறகு எப்போதாவது கழற்ற வேண்டி வருமா?

பிளாஸ்டிக் கிட்டுக்கென்று விற்கிற சிமென்ட், பிளாஸ்டிக்கை உருக்கி இரண்டையும் ஒன்றாக்கும். அது பொலிஸ்டைரீன் என்கிற கிட் பிளாஸ்டிக்கை அதே பிளாஸ்டிக்கோடு சேர்க்கத்தான். இரும்பிலோ ரெசினிலோ (அச்சில் ஊற்றி வார்க்கும் பொருள்) மரத்திலோ அதற்கு வேலை இல்லை. சூப்பர் க்ளூ சட்டென்று பிடிக்கும். நேராக இழுத்தால் தாங்கும், பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால் கண்ணாடி மாதிரி உடைந்துவிடும். அரல்டைட் போன்ற இரண்டு குழாய்ப் பசை மெதுவாகக் காயும், ஆனால் உலோகம், ரெசின், மரம் எல்லாவற்றையும் பிடிக்கும், இடைவெளியையும் நிரப்பும். தச்சு பாஸ்மார் பாவிக்கும் வெள்ளைப் பசை மரம், கடதாசி, ரெஜிபோம் (லேசான வெள்ளை நுரை அட்டை) ஆகியவற்றுக்கு. இரண்டில் ஒன்றாவது ஈரத்தை உறிஞ்ச வேண்டும், இல்லாவிட்டால் அது காய மிகவும் தாமதமாகும்.

என் வழக்கத்தைச் சொல்கிறேன்: கம்பியோ போல்ட்டோதான் பாரத்தைத் தாங்க வேண்டும். அது அசையாமல் இருக்கத்தான் பசை. என் அப்பா ஸ்டோரில் ஃபிட்டராக இருந்தவர். பசையால் மட்டும் ஒட்டிய எதையும் அவர் 'வேலை' என்று ஒத்துக்கொண்டதே இல்லை.

சூப்பர் க்ளூ நன்றாகத்தான் பிடித்தது. ஒரு வாரத்தில் பஸ் கழன்று வந்துவிட்டது. ஏன்?

கழன்ற பஸ்சின் டயரைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ரோட்டின் கறுப்பு பெயின்ட் ஒட்டியிருக்கும். பசை தன் வேலையைச் செய்துவிட்டது. பெயின்ட்தான் பலகையை விட்டுவிட்டது.

இதை நான் கினிகத்தேனை வளைவுகளில் படித்தேன். ஹட்டனிலிருந்து அவிசாவளை ரோட்டில் பஸ்சில் ஒரு மாதிரியை மடியில் வைத்துக்கொண்டு கொழும்புக்குப் போனேன். மூன்று மாத வேலை. வளைவுகள் முடிவதற்குள் பெட்டிக்குள் டொக் டொக் என்று சத்தம். திறந்து பார்த்தால் பஸ், லொறி, இரண்டு ஆட்டோ எல்லாம் ஒரு மூலையில் குவிந்து கிடக்கின்றன, ஒவ்வொன்றும் தன் காலடியில் ரோட்டைப் பெயர்த்துக்கொண்டு. எதிரே உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர், "விபத்தா தம்பி?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து மாதிரி நிற்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி எடுத்துவிடுகிறேன், டயரின் அடியிலும் அப்படியே. சேண்ட் பேப்பரால் இரண்டு இழுப்பு இழுத்து, பாமசியில் விற்கும் ஸ்பிரிட்டால் துடைத்த பிறகே ஒட்டுகிறேன். ரெசின் பொருளாக இருந்தால் பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவிக் காயவைக்க வேண்டும். அச்சிலிருந்து எடுக்கப் பூசிய எண்ணெய் அதில் மிச்சம் இருக்கும்.

அடிப்பலகைக்கு எது பாவிக்கலாம்? என்னுடையது வளைந்துவிட்டது.

9 அல்லது 12 மில்லிமீட்டர் ப்ளைவூட் எடுத்து, அடியில் இரண்டு மரச்சட்டம் குறுக்கே அடியுங்கள். சட்டம் இருந்தால் போல்ட்டின் தலை கீழே ஒளிந்துகொள்ள இடமும் கிடைக்கும்.

வளைவதற்குக் காரணம் பெரும்பாலும் நாம்தான். மேல் பக்கம் மட்டும் பிளாஸ்டர், ஈரக் கடதாசிக் கூழ், பெயின்ட் என்று பூசுகிறோம். கீழ்ப்பக்கம் வெறும் மரமாக மழைக்காலத்து ஈரத்தைக் குடிக்கிறது. முதலில் இரண்டு பக்கமும் ஓரங்களும் சீலர் அடித்துவிடுங்கள். எம்.டி.எஃப். பலகை மலிவு, தட்டையாகவும் இருக்கும். ஆனால் ஓரத்தில் ஈரம் பட்டால் பிஸ்கட்டை பிளேன்டீயில் போட்ட மாதிரி ஊதிவிடும். கீழ்நாட்டில் சரிப்படலாம். தலவாக்கலையில் ஒரு மே மாதத்தைத் தாண்டுமா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை.

ரெஜிபோமில் மலை செய்திருக்கிறேன். அதில் எப்படி எதையும் பூட்டுவது? குத்தினால் ஓட்டைதான் பெரிதாகிறது.

ரெஜிபோம் மலைக்கு வடிவம் கொடுக்கும், பாரம் தாங்காது. சூப்பர் க்ளூவும் ஸ்ப்ரே பெயின்டும் அதை அப்படியே கரைத்துவிடும் என்பது தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் ஒரு வெட்டுத் துண்டில் பரீட்சித்துப் பாருங்கள், மறக்கவே மாட்டீர்கள்.

இரண்டு வழி உண்டு. முதலாவது, ரெஜிபோமைத் தாண்டிப் போவது. மூங்கில் குச்சி ஒன்றை மலையின் மேலிருந்து அடிப்பலகை வரை இறக்கி, பலகையில் போட்ட துளையில் வெள்ளைப் பசையோடு செருகுங்கள். மேலே நிற்கும் கட்டிடமோ மரமோ அந்தக் குச்சியில் உட்காரும். ரெஜிபோம் சுற்றி நிற்கும் மண் மட்டும்தான்.

இரண்டாவது, மலையின் மேல் பகுதியில் மரக்கட்டையைப் புதைப்பது. பஸ் நிற்கும் இடத்தில் தீப்பெட்டி அளவு ரெஜிபோமை வெட்டி எடுத்துவிட்டு, அதே அளவு மரத்துண்டை வெள்ளைப் பசையால் பதித்துவிடுங்கள். பைனஸ் போல மென்மையான மரம் என்றால் ஆணி சுலபமாக இறங்கும். பிறகு மேலே மண், ரோடு எல்லாம் போட்டு மூடிவிடலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: கட்டை எங்கே இருக்கிறது என்று குறித்து வையுங்கள். நான் ஒரு தடவை மூடிவிட்டு, ஊசியால் குத்திக் குத்திக் கட்டையைத் தேடி, மலை முழுக்க அம்மைத் தழும்பாக்கியிருக்கிறேன்.

தந்திக் கம்பம், வேலிக்கால் போன்றவற்றுக்கு ஈர்க்குதான் என் தெரிவு. வெளியே தெரியும் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்குள் போகட்டும்.

கொழுந்து எடுக்கிற பெண்களைச் சரிவில் நிறுத்த முடியவில்லை. முன்னால் விழுகிறார்கள்.

உங்கள் உருவங்கள் சரியாகச் செய்யப்பட்டிருக்கின்றன என்று அர்த்தம். நெற்றியில் கயிறு, முதுகில் கூடை, முன்னால் குனிந்த உடம்பு, கையிரண்டும் நீண்டிருக்கும். பாரமெல்லாம் பாதத்துக்கு வெளியே. 1:76இல் ஐந்து அடி மனிதர் 2 சென்ரிமீட்டர்தான். அவருடைய பாதத்தில் பசை பிடிக்க மூன்று மில்லிமீட்டர்கூட இடம் இல்லை.

கையால் திருகும் சின்ன ட்ரில்லில் 0.6 அல்லது 0.8 மில்லிமீட்டர் அலகு போட்டு, குதிகாலிலிருந்து கெண்டைக்கால் வரை துளையுங்கள். கால் மெலிதாக இருந்தால் பிளந்துவிடும் என்பதால் அவசரம் வேண்டாம். ஊசி முனையால் முதலில் ஒரு புள்ளி குத்திக்கொண்டால் அலகு வழுக்காது. துளைக்குள் போகிற பருமனில் பேப்பர் கிளிப்போ பித்தளைக் கம்பியோ ஒரு துண்டு எடுத்து, சூப்பர் க்ளூவில் தொட்டுச் செருகுங்கள். வெளியே ஒன்றரை சென்ரிமீட்டர் விடுங்கள், பிறகு வெட்டிக்கொள்ளலாம். கிட்டார் கம்பியும் நல்ல உறுதி, ஆனால் கம்பி வெட்டும் குறட்டின் வாயில் பல் விழும். ஒரு காலில் கம்பி போதும். இரண்டு காலிலும் போட்டால் பலகையில் இரண்டு துளையும் மயிரிழை பிசகாமல் ஒத்துப்போக வேண்டும், அது வீண் வேலை.

கம்பி சரிவுக்குச் செங்குத்தாக இறங்க வேண்டியதில்லை. ஆள் நேராக நிற்பார், மலைதானே சாய்வு? அதனால் கம்பியையும் பூமிக்கு நேராக இறக்குங்கள். சரிவுக்கு செங்குத்தாகத் துளைத்தால் உங்கள் கொழுந்துக்காரர்கள் எல்லோரும் காற்றில் சாய்ந்த மரம் மாதிரி நிற்பார்கள்.

கொழுந்து மலையில் நமக்கு ஒரு வசதி உண்டு. ஆள் இடுப்பளவு செடிக்குள் நிற்கிறார், கால் வெளியே தெரியாது. அதனால் பாதத்தைப் பற்றிக் கவலைப்படாமல், இடுப்புக்குக் கீழே பசையை தாராளமாக வைக்கலாம். ரோட்டோரத்தில் நிற்கும் கங்காணிக்குத்தான் இந்தச் சலுகை கிடையாது. அவருக்கு ஒழுங்காகக் குதிகாலில் கம்பி போட வேண்டும்.

ஹாட் வீல்ஸ் மாதிரி உலோகக் கார்களை ஒட்டாமல் நிறுத்த முடியுமா? பிள்ளையின் கார், பிறகு திருப்பிக் கொடுக்க வேண்டும்.

முடியும். சக்கரத்தின் அச்சுக்கு மேலாக மெல்லிய செப்புக் கம்பியை வளைத்துப் போடுங்கள். பழைய மோட்டர் சுருளில் கிடைக்கும் கம்பி போதும். இரண்டு முனையையும் பலகையில் போட்ட இரண்டு துளை வழியாகக் கீழே இறக்கி, குறட்டால் முறுக்குங்கள். முன்னச்சுக்கு ஒன்று, பின்னச்சுக்கு ஒன்று. மேலே ஒன்றுமே தெரியாது, காருக்கு ஒரு கீறலும் விழாது. கழற்ற வேண்டுமானால் கீழே வெட்டிவிடலாம். அளவுக்கு மிஞ்சி முறுக்கினால் அச்சு வளையும்.

நிரந்தரம் என்றால் அடித்தட்டில் 3 மில்லிமீட்டர் போல்ட் போடலாம். 1:43 அளவுக் கார்கள் பல, கடையிலிருந்து வரும்போதே அப்படித்தான் பெட்டியின் தளத்தில் கீழிருந்து திருகப்பட்டிருக்கும். பிளாஸ்டிக் கிட்டாக இருந்தால் உடம்பை மூடி ஒட்டுவதற்கு முன்பே உள்ளே ஒரு நட்டை அரல்டைட்டில் பதித்து விடுங்கள். பசை புரிக்குள் போகாமல் இருக்க போல்ட்டில் கொஞ்சம் வாசலின் தடவித் திருகி வைத்துவிட்டு, காய்ந்தபிறகு கழற்றுங்கள். மூடிவிட்டு யோசித்தால் யோசித்ததுதான் மிச்சம்.

டயரின் அடியைச் சேண்ட் பேப்பரில் ஒரு இழுப்பு தேய்த்துத் தட்டையாக்குவதும் நல்லது. பிடிப்பும் கூடும், வண்டிக்கு எடை இருக்கிற மாதிரியும் தெரியும்.

லயமும் ஸ்டோரும் பெரிய கட்டிடங்கள். வைத்தாலே நிற்காதா?

நிற்கும், ஆனால் அடியில் ஒரு கோடு வெளிச்சம் தெரியும். அது தெரிந்தால் கட்டிடம் மண்ணில் முளைத்ததாக இருக்காது, கொண்டுவந்து வைத்ததாக இருக்கும். லயம் இதில் மோசம். 10 அடி அகலக் காம்பரா (அறை) பன்னிரண்டு வரிசையாக என்றால் 120 அடி, 1:76இல் 48 சென்ரிமீட்டர். அவ்வளவு நீள அட்டை ஈரத்தில் வாழைப்பழமாக வளையும், இரண்டு முனையும் தூக்கிக்கொள்ளும்.

கட்டிடத்தை மண்ணின் மேல் வைக்காதீர்கள், மண்ணுக்குள் இறக்குங்கள். சுவரின் அடி 3 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும். தளத்தில் சுவரின் உள்ளளவுக்கு ஒரு மரக்கட்டையைத் திருகிவிட்டு, கட்டிடத்தைத் தொப்பி போல அதன்மேல் கவிழ்த்துங்கள். பிறகு சுற்றிவர மண் போட்டு மூடினால் கட்டிடம் எங்கும் நகராது, தேவைப்பட்டால் தூக்கியும் எடுக்கலாம். உள்ளே பல்ப் போட்டிருந்தால் என்றைக்காவது தூக்கத்தான் வேண்டிவரும்.

ரயிலையும் ஒட்டிவிடவா?

ஓடுகிற ரயில் என்றால் தண்டவாளத்தை மட்டும் பூட்டுங்கள். சின்ன ஆணியைச் சிலிப்பர் கட்டையின் நடுவில் அடிக்கும்போது தலை கட்டையைத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள். இன்னும் ஒரு அடி அடித்தால் கட்டை நடுவில் குழியும், தண்டவாளங்கள் உள்ளே சாயும், ரயில் அந்த இடத்தில் மட்டும் தடம் புரளும். காரணம் தெரியாமல் எஞ்சினைத் திட்டிக்கொண்டிருப்போம். சரளைக் கல்லுக்கு வெள்ளைப் பசையும் தண்ணீரும் சரிபாதி கலந்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டு, சொட்டுச் சொட்டாக விடுங்கள். அந்த ஒரு துளி இல்லாவிட்டால் பசை கல்லின்மேல் முத்து முத்தாக உருண்டு நிற்கும்.

இன்னொன்று. நம்முடைய பதுளைப் பாதை 5 அடி 6 அங்குல அகலம், 1676 மில்லிமீட்டர். 1:76இல் அது 22 மில்லிமீட்டர் வர வேண்டும். கடையில் அந்த அளவுக்கு விற்கும் ஓ.ஓ. என்ற வகைத் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர்தான். ஆகவே பாதை ஒல்லியாகத் தெரிந்தால் உங்கள் கண்ணில் பிழையில்லை. ஓடாத மாதிரிக்குச் சொந்தமாகத் தண்டவாளம் போட்டுக்கொள்வது சரி.

தெமோதரை வளையத்தைச் செய்கிறவர்களுக்கு: அங்கே பாதை ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் போகிறது. ஸ்டேஷனையும் மேலுள்ள மண்ணையும் ஒரே மூடியாக, காந்தத்தில் நிற்கிற மாதிரி விடுங்கள். ரயில் பழுதானால் சுரங்கத்தின் நடுவில்தான் நிற்கும். எப்போதும் அங்கேதான் நிற்கும்.

காந்தம் நம்பிக்கையானதா?

நேராகத் தூக்குவதற்கு எதிராக நன்றாகப் பிடிக்கும். பக்கவாட்டில் வழுக்கும். அதனால் காந்தத்தோடு ஒரு குட்டிக் கம்பியையும் துளையையும் சேர்த்துவிடுங்கள். ஒரு பக்கம் காந்தம், மறு பக்கம் இரும்பு வாஷர் என்று வைத்தால் வடக்கு தெற்கு குழப்பம் இல்லை.

டிசம்பர், ஜனவரியில் நுவரெலியாவில் அரல்டைட் காயவே மாட்டேன் என்கிறது.

குளிர்தான். இரவில் 10 பாகைக்குக் கிட்ட இறங்கும் அறையில் பாதி வேகம்கூட இருக்காது. இரண்டு குழாயையும் மூடியோடு பத்து நிமிஷம் சுடுதண்ணீர் கிளாசில் நிறுத்திவிட்டுச் சரிபாதி கலந்து, நன்றாக, ஒரு நிமிஷமாவது குழையுங்கள். ஒட்டியதை மேசை விளக்குக்குக் கீழே வைத்து ஒரு முழு நாள் தொடாதீர்கள். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்ட்னரை, அதாவது இறுக வைக்கும் குழாயை, கூட்டிப் போடாதீர்கள். கூட்டினால் ரப்பராகவே நின்றுவிடும்.

சூப்பர் க்ளூ ஒட்டிய பிறகு பஸ் கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே?

பசையின் ஆவி காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து படிகிறது. மூடுபனி நாளில் மோசமாக இருக்கும். கண்ணாடிக்கு வெள்ளைப் பசை பாவியுங்கள். சூப்பர் க்ளூ போட்டதை உடனே பெட்டிக்குள் மூடாதீர்கள். அப்புறம், பஞ்சால் அந்தப் பசையைத் துடைக்க வேண்டாம். பஞ்சில் பட்டால் புகை வருமளவு சூடாகும், விரல் வெந்துவிடும்.

மண்ணுக்குத் தேயிலைச் சக்கை போட்டேன். பூஞ்சணம் பிடித்துவிட்டது.

வெயிலில் காயவைத்தது போதாது. தாச்சியில் மெல்லிய நெருப்பில் மொறுமொறுப்பாக வறுங்கள், பிறகு பசையோடு போடுங்கள். கவ்வாத்து மிலாறை (வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சி) மரமாக நடுகிறவர்களுக்கும் இதேதான். பச்சையாக நட்டால் காயும்போது சுருங்கி, துளைக்குள் ஆடத் தொடங்கும்.

ஒட்டியதை உடையாமல் கழற்ற வழி?

சூப்பர் க்ளூ என்றால் ஃப்ரீசரில் சில மணிநேரம் வைத்து எடுத்துப் பக்கவாட்டில் மெல்லத் தட்டுங்கள், பலநேரம் டக்கென்று விடும். அசிட்டோன் பசையைக் கரைக்கும், பிளாஸ்டிக் கிட்டையும் சேர்த்துக் கரைக்கும். அரல்டைட் சூட்டுக்கு இளகும், ஆனால் பெயின்ட் தப்பாது.

நாளைக்குப் பாடசாலையில் கொடுக்க வேண்டும். இதெல்லாம் செய்ய நேரமில்லை.

சரி, ஹொட் க்ளூ துப்பாக்கியை எடுங்கள். உலோகக் கார் என்றால் முதலில் தலைமயிர் உலர்த்தும் கருவியால் சூடாக்குங்கள், குளிர்ந்த உலோகத்தில் பசை உடனே இறுகிப் பிடிக்காமல் போய்விடும். நாளை மறுநாள் கழன்றால் என்னைக் கேட்க வேண்டாம்.

செய்து முடித்தாயிற்று. பயணம் தாங்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வீட்டிலேயே தலைகீழாகப் பிடியுங்கள். மெத்தைக்கு மேலே, பெரிய துணி விரித்து. பலகையின் அடியில் உள்ளங்கையால் பத்துத் தடவை தட்டுங்கள். விழுவதெல்லாம் இங்கேயே விழட்டும். பிறகு பலகையைப் பெட்டியின் அடித்தட்டில் கீழிருந்து இரண்டு திருகாணியால் பூட்டுங்கள், சும்மா செருகி வைக்காதீர்கள். கொழும்புக்கு என்றால் நான் இப்போது ரயிலில்தான் போகிறேன், மாதிரியை மடியில் வைக்காமல் காலடியில் வைத்து. போன தடவை கோட்டையில் இறங்கித் திறந்து பார்த்தபோது ஒரு ஈர்க்குக் கம்பம் மட்டும் சாய்ந்திருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன். எங்கள் ரோட்டிலும் ஒரு கம்பம் அப்படித்தான் சாய்ந்து நிற்கிறது.